இ-சிகரெட்: பாட்டிலில் ஊற்றுவது ஒன்று, நுரையீரலுக்குப் போவது வேறு

இ-சிகரெட், அதாவது வேப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அது வெறும் நீராவிதானே, புகையா என்ன?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். கல்லூரிப் பிள்ளைகள் மட்டும் இப்படிக் கேட்பதில்லை. பிள்ளையின் பையில் பேனா மாதிரியோ பென் டிரைவ் மாதிரியோ ஒரு பொருளைப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, சிகரெட் இல்லை" என்று மனதைத் தேற்றிக்கொள்ளும் பெற்றோரும் இதைத்தான் சொல்கிறார்கள். உண்மையில் அந்த வெள்ளை மேகத்தில் தண்ணீரின் பங்கு மிகக் குறைவு. மீதி என்ன, அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும். நிகோடின் ஆளை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். இங்கே நாம் பார்க்கப்போவது அந்தக் கருவிக்குள் இருக்கும் பொருள்களை: திரவம், கம்பி, திரி, கம்பிகளை ஒட்டவைக்கும் உலோகப் பற்றவைப்பு, பேட்டரி.

முதலில் அது வேலை செய்யும் விதம். இன்று நாம் பார்க்கும் இ-சிகரெட்டை 2003இல் உருவாக்கியவர் ஹோன் லிக் என்ற சீன மருந்தாளர். அதன் பிறகு வடிவம் எத்தனையோ முறை மாறிவிட்டது, உள்ளே இருக்கும் ஏற்பாடு மாறவில்லை. ஒரு லித்தியம் பேட்டரி. அதிலிருந்து மின்சாரம் பாயும் ஒரு சின்னக் கம்பிச் சுருள், அதாவது காயில். சுருளை ஒட்டி ஒரு திரி, பெரும்பாலும் பஞ்சு. திரி ஊறிக்கிடக்கும் திரவம். வாயில் வைத்து இழுத்ததும் காயில் 200 டிகிரி செல்சியஸ் அளவுக்கோ அதற்கு மேலோ சூடாகும். திரியில் உள்ள திரவம் ஆவியாகும். அந்த ஆவி காற்றில் பட்டவுடன் குளிர்ந்து, கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்துளிகளாக மாறும். அந்தத் துளிகளின் கூட்டம்தான் வெள்ளையாகத் தெரிகிறது. துளிகள் அவ்வளவு சிறியவை என்பதால் நுரையீரலின் அடி ஆழம் வரை போய்ச் சேரும்.

திரவத்தில் என்ன இருக்கிறது? முக்கியமாக இரண்டு பொருள்கள்: புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின். இரண்டும் கொஞ்சம் கெட்டியான, நிறமில்லாத திரவங்கள். கூடவே நிகோடின், வாசனைப் பொருள்கள், சிலவற்றில் இனிப்பூட்டி. விற்பவர்கள் எப்போதும் சொல்லும் வாதம் ஒன்று உண்டு: "இதெல்லாம் கேக்கிலும் ஐஸ்கிரீமிலும் மருந்திலும் போடுகிறார்களே, அரசே அனுமதி கொடுத்திருக்கிறதே!" அனுமதி இருப்பது உண்மைதான். அது சாப்பிடுவதற்கான அனுமதி. வயிற்றுக்குள் போகும் பொருளை அமிலமும் நொதிகளும் உடைக்கும், குடல் பிரிக்கும், கல்லீரல் வடிகட்டும். நுரையீரலுக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. அங்கே கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர் மெலிந்த சவ்வு, அதற்கு அந்தப் பக்கம் நேராக ரத்தம். உணவுப் பாதுகாப்புச் சோதனை செய்தவர்கள் "இதைச் சூடாக்கி ஒரு நாளைக்கு இருநூறு முறை உள்ளே இழுத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டுப் பார்க்கவே இல்லை. கேட்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் ஜாஸ்பர் என்ற ஊர் காட்டிக்கொடுத்தது. அங்கே மைக்ரோவேவ் பாப்கார்ன் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை இருந்தது. பாப்கார்னுக்கு வெண்ணெய் மணம் தர டைஅசிட்டைல் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். பாப்கார்ன் சாப்பிட்டவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சூடான கலவைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. 2000ஆம் ஆண்டில் அங்கு வேலை பார்த்த எட்டுப் பேருக்கு நுரையீரலின் சிறு காற்றுக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கிப்போகும் நோய் இருப்பது தெரியவந்தது. சுருங்கிய குழாய் திரும்ப விரியாது. 'பாப்கார்ன் நுரையீரல்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். அதே டைஅசிட்டைல் வேப் திரவங்களிலும் இருக்கிறதா என்று ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் சோதித்தார்கள். வாசனை சேர்த்த 51 இ-சிகரெட்டுகளில் 39இல் இருந்தது.

இதை வைத்து, வேப் இழுக்கும் எல்லோருக்கும் பாப்கார்ன் நுரையீரல் வந்துவிடும் என்று பயமுறுத்தக் கூடாது. சாதாரண சிகரெட் புகையிலும் டைஅசிட்டைல் உண்டு, அதிகமாகவே உண்டு. நான் சொல்ல வருவது வேறு. வாய் வழியாக வயிற்றுக்குள் போகும்போது ஒன்றும் செய்யாத ஒரு பொருள், மூச்சு வழியாக நுரையீரலுக்குள் போகும்போது ஆளையே முடக்கிப்போடலாம். 'உணவுத் தரம்' என்று லேபிளில் எழுதியிருப்பது நுரையீரலுக்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

இதைவிடக் கொடுமையான உதாரணம் 2019இல் நடந்தது. அந்த ஆண்டு கோடைக்காலத்தில் அமெரிக்காவின் இல்லினாய், விஸ்கான்சின் மாநிலங்களில் ஆரோக்கியமான இளைஞர்கள் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைகளுக்கு வந்து விழுந்தார்கள். நிமோனியா போல் இருந்தது, ஆனால் கிருமி எதுவும் அகப்படவில்லை. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது வேப்பிங். செப்டம்பரில் உச்சத்துக்குப் போன அந்த நோய், 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேரைத் தாக்கியிருந்தது. 68 பேர் இறந்துபோனார்கள். நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தைச் சோதித்தபோது, 51 பேரில் 48 பேரிடம் ஒரே பொருள் கிடைத்தது: வைட்டமின் ஈ அசிடேட். முகத்துக்குப் பூசும் கிரீமிலும் விழுங்கும் மாத்திரையிலும் இருக்கிற சாதுவான பொருள் அது. கஞ்சாவின் போதைப் பொருளான டிஎச்சி எண்ணெயை விற்ற கள்ளச்சந்தை ஆட்கள், எண்ணெயில் கலப்படம் செய்தது தெரியாமலிருக்க, அதே கெட்டித்தன்மை கொண்ட இந்த எண்ணெயை ஊற்றியிருந்தார்கள். கடைகளில் விற்ற நிகோடின் வேப்பால் வந்த நோய் இது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான நோயாளிகள் பயன்படுத்தியது தெருவில் வாங்கிய டிஎச்சி குப்பிகளை. ஆனால் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று வாங்கியவருக்குத் தெரியாது என்பது நிகோடின் வேப்புக்கும் அப்படியே பொருந்தும்.

சேர்க்கும் பொருள் சரியானதாகவே இருந்தாலும் அதன் தூய்மை என்று இன்னொரு கவலை இருக்கிறது. 2009இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சோதித்த குப்பிகளில் ஒன்றில் சுமார் 1 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. இந்தப் பெயரைத் தமிழ்நாட்டில் இப்போது நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பார்கள். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்களே, அந்த மருந்தில் இருந்த நஞ்சு இதுதான். சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்துவிடும். மருந்துத் தரமில்லாத புரொப்பிலீன் கிளைக்காலில் இது கலந்திருக்கும் அபாயம் எப்போதும் உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சுவையும் லேசாக இனிக்கும், சோதனைக்கூடத்தில்தான் வித்தியாசம் தெரியும். உரிமம் பெற்ற மருந்துத் தொழிற்சாலையிலேயே இது நுழைய முடிகிறது. எங்கே நிரப்பினார்கள் என்றே தெரியாத ஒரு வேப் குப்பியை எதை நம்பி உள்ளே இழுப்பது?

சரி, சுத்தமான திரவம்தான் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது சூடு. புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியில் கொதிக்கும், கிளிசரின் 290 டிகிரியில். காயிலின் சூடு ஏற ஏற, இந்தத் திரவங்கள் ஆவியாவதோடு நிற்காமல் உடையவும் ஆரம்பிக்கும். உடைந்தால் வருவது ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அக்ரோலின். ஃபார்மால்டிஹைடு புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதி செய்யப்பட்ட பொருள். அக்ரோலின் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், நுரையீரலை அரிக்கும். 2015இல் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கருவியை 3.3 வோல்ட்டில் இயக்கியபோது ஃபார்மால்டிஹைடு சார்ந்த சேர்மங்கள் அகப்படவில்லை, 5 வோல்ட்டில் ஏராளமாகக் கிடைத்தன. "திரி காய்ந்து கருகும் அளவுக்குச் சூடாக்கியிருக்கிறார்கள், அந்தச் சுவையை எந்த மனிதனும் தாங்க மாட்டான்" என்று அந்த ஆய்வுக்கு எதிர்ப்பும் வந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சராசரிப் பயனர் தினமும் அவ்வளவு ஃபார்மால்டிஹைடைச் சுவாசிப்பதில்லை. அதே சமயம் திரவம் தீரும் நேரத்தில் வரும் அந்தக் கருகல் சுவை, நச்சு உருவாகிவிட்டதற்கான அறிகுறி. திரவத்தின் செய்முறையில் எங்கும் எழுதப்படாத பொருள்கள் இப்படித்தான் மேகத்துக்குள் வந்து சேர்கின்றன.

இனி உலோகங்கள். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். பொதுப் பேச்சில் மிகக் குறைவாக அடிபடுவதும் இதுவே.

காயில் செய்யப் பயன்படும் கம்பிகளில் இரண்டு வகை பிரபலம். ஒன்று நிக்ரோம், அதாவது நிக்கலும் குரோமியமும் கலந்தது. இன்னொன்று காந்தல் என்ற பெயரில் விற்கும் இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவை. டோஸ்டருக்குள் சிவந்து தெரிவதும் இதே வகைக் கம்பிதான். டோஸ்டர் கம்பி காற்றில் காய்ந்து கிடக்கிறது, வேப் காயில் நாள்கணக்கில் திரவத்தில் ஊறிக்கிடக்கிறது. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை இரவெல்லாம் விட்டு வைத்தால் களிம்பு ஏறிவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் விட மாட்டார்கள் அல்லவா, இங்கும் அந்தச் சிக்கல்தான். பல திரவங்களில் நிகோடினோடு பென்சாயிக் போன்ற அமிலமும் சேர்ந்திருக்கிறது. அமிலம், உலோகம், நூற்றுக்கணக்கான முறை சூடாகிக் குளிர்வது, மூன்றும் சேர்ந்தால் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும்.

ஊகமாகச் சொல்லவில்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் வேப் பயன்படுத்தும் 56 பேரின் சொந்தக் கருவிகளையே வாங்கிச் சோதித்தார்கள். மூன்று இடத்தில் மாதிரி எடுத்தார்கள்: கருவியில் ஊற்றுவதற்கு முன் பாட்டிலில் இருந்த திரவம், கருவியின் தொட்டியில் மிச்சமிருந்த திரவம், வெளியே வந்த மேகம். பாட்டில் திரவத்தில் உலோகங்கள் மிகக் குறைவு. தொட்டியிலும் மேகத்திலும் குரோமியம், நிக்கல், துத்தநாகம், ஈயம் எல்லாம் ஏறியிருந்தன. ஈயத்தின் நடு அளவு பாட்டிலில் இருந்ததைப் போல மேகத்தில் 25 மடங்குக்கும் மேல். பாட்டிலை மட்டும் சோதித்து "சுத்தம்" என்று சான்று கொடுத்திருந்தால் இதில் எதுவும் தெரிந்திருக்காது. உலோகத்தைக் கொடுத்தது கருவி.

காயில் மட்டும் காரணமில்லை. கம்பிகளை இணைக்கும் பற்றவைப்பிலிருந்து வெள்ளீயத் துகள்கள் மேகத்தில் கலப்பதைக் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகம் 2013இலேயே காட்டியது. திரியைச் சுற்றியிருந்த கண்ணாடி நாரிலிருந்து வந்த சிலிக்கேட் துகள்களும் அதில் இருந்தன. 2025இல் டேவிஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வேப்புகளைச் சோதித்தபோது கிடைத்தது இன்னும் மோசம். சில கருவிகளின் உள் பாகங்கள் ஈயம் கலந்த வெண்கலத்தில் செய்யப்பட்டிருந்தன. ஈயம் சேர்த்தால் உலோகத்தைக் கடைசல் பிடிப்பது சுலபம், செலவும் குறையும். சூடே ஏறாத அந்தப் பாகத்திலிருந்து ஈயம் திரவத்தில் ஊறி இறங்கியிருந்தது. ஒரு கருவியிலிருந்து ஒரு நாளில் வெளிவந்த ஈயம், ஏறக்குறைய 20 பாக்கெட் சாதாரண சிகரெட்டிலிருந்து வருவதைவிட அதிகம்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளரும் மூளையைத்தான் அது முதலில் பிடிக்கும். பழச்சுவை, மிட்டாய்ச் சுவை, பளிச்சென்ற நிறம் என்று இந்தக் கருவிகள் யாரைக் குறிவைத்து விற்கப்படுகின்றன என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். நிக்கல் சேர்மங்களையும் குரோமியத்தின் ஒரு வடிவத்தையும் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பது உலோகத் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் உடல்களிலிருந்து மருத்துவ உலகம் கற்ற பாடம். வேப்பில் வரும் அளவு அதைவிடக் குறைவுதான். ஆனால் தொழிற்சாலையில் முகமூடி உண்டு, காற்றுப்போக்கி உண்டு.

பிளாஸ்டிக் பற்றி ஒரு வார்த்தை. பாலிகார்பனேட் தொட்டியில் இலவங்கப்பட்டை, எலுமிச்சை வகை வாசனை ஊற்றினால் சில சமயம் தொட்டி கலங்கி விரிசல் விட்டுவிடும். வேப் பயன்படுத்துபவர்களுக்கே தெரிந்த சங்கதி இது. இலவங்கப்பட்டை மணத்தைத் தரும் சின்னமால்டிஹைடு, நுரையீரல் குழாய்களில் சளியைத் தள்ளும் நுண்மயிர்களின் அசைவைக் குறைப்பதை ஆய்வகச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

பேட்டரி வேறு வகை ஆபத்து. லித்தியம் பேட்டரி செல்போனிலும் இருக்கிறதே என்று கேட்கலாம். வேப் கருவியில் அது ஒரு குறுகலான உருளைக்குள், வாய்க்கு நேராக இருக்கிறது. உள்ளே அழுத்தம் கூடினால் உருளையின் முனைதான் பிய்த்துக்கொள்ளும், மீதி ராக்கெட் மாதிரி பாயும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை இப்படி 195 தீ விபத்துகளையும் வெடிப்புகளையும் கணக்கெடுத்தது. பல, சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ இருக்கும்போதே நடந்தவை. ஃபுளோரிடாவில் 2018இலும் டெக்சஸில் 2019இலும் வெடிப்பில் ஆள்கள் இறந்தே போனார்கள். கழற்றி மாட்டும் பேட்டரியைச் சாவியோடும் சில்லறையோடும் பையில் போட்டு வைப்பது, பொருந்தாத சார்ஜரைச் செருகுவது, இரண்டும் ஆபத்தை அதிகப்படுத்தும். விமானத்தில் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் இ-சிகரெட்டை வைக்கக் கூடாது என்று 2015இல் விதி வந்ததற்கும் காரணம் இந்தப் பேட்டரிதான்.

இதையெல்லாம் சட்டம் எப்படிப் பார்க்கிறது? ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி எனக்குப் பிடித்திருக்கிறது. நிகோடினைத் தவிர திரவத்தில் சேர்க்கும் எந்தப் பொருளும், சூடாக்கினாலும் சூடாக்காவிட்டாலும், உடல்நலத்துக்குக் கேடு தரக் கூடாது என்று அது கேட்கிறது. கேள்வியைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறார்கள். நிகோடின் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, தொட்டி 2 மில்லிலிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் வரம்பு உண்டு. இந்தியா வேறு வழியில் போனது. 2019இல் இ-சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் மத்திய அரசு தடை செய்தது. தமிழ்நாடு அதற்கு முந்தைய ஆண்டே தடை விதித்திருந்தது. முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே இங்கே யாராவது கையில் வேப் வைத்திருந்தால் அது கடத்தி வந்தது. உலகின் எந்தச் சோதனைக்கூடமும் நம் சந்தைக்காக அதைச் சோதித்திருக்காது. "ஒரிஜினல் பிராண்ட்" என்று விற்பவர் சொல்வதைச் சரிபார்க்க வழியே இல்லை. தமிழர் அதிகம் வாழும் சிங்கப்பூரில் 2025இல் நிலைமை இன்னும் முற்றியது. அங்கும் வேப் சட்டவிரோதம்தான். கள்ளத்தனமாக விற்ற குப்பிகளில் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தையே கலந்திருந்தார்கள். அறுவை அரங்கில் மயக்கவியல் மருத்துவர் பக்கத்தில் நின்று ஊசி வழியாகக் கொடுக்கும் மருந்து அது. அந்த ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூர் அரசு அதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது.

"அப்படியானால் சிகரெட்டைவிட இது மோசமா?" என்று கேட்டால், இல்லை. எரியும் புகையிலையிலிருந்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் வருகின்றன, அவற்றில் எழுபது போல புற்றுநோய்க் காரணிகள். பல ஆண்டுகளாகச் சிகரெட் பிடிப்பவர் அதை அடியோடு விட்டுவிட்டு, முறைப்படி கண்காணிக்கப்படும் ஒரு வேப்புக்கு மாறினால் உடலுக்குள் போகும் நஞ்சின் அளவு குறையும். பிரிட்டனில் மருத்துவத் துறையே அதற்கு உதவுகிறது. ஆனால் இந்தச் சலுகை சிகரெட் பிடிப்பவருக்கு மட்டும்தான். சிகரெட்டையே தொடாத பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒப்பிட வேண்டியது சிகரெட் புகையை அல்ல, சாதாரணக் காற்றை. அப்படி ஒப்பிட்டால் ஈயமும் நிக்கலும் ஃபார்மால்டிஹைடும் முழுக்க நஷ்டக் கணக்குதான்.

வீட்டில் இப்படி ஒரு கருவி கண்ணில் பட்டால் செய்ய வேண்டியவை சில. திரவக் குப்பியைச் சின்னக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நிகோடின் திரவம் பழ மணத்தோடு இருக்கும், குழந்தை குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கருவியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கி லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். வேப் பயன்படுத்தும் ஒருவருக்கு இருமல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலியோடு வாந்தி, காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் வேப் விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். போலீஸுக்கு பயந்தோ அப்பா அம்மாவுக்கு பயந்தோ மறைத்தால், நிமோனியா என்று நினைத்துக் கிருமிக்கொல்லி மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். விட்டுவிட நினைப்பவர்களுக்கு நிகோடின் சூயிங்கமும் பேட்ச்சும் மருந்துக் கடையிலேயே கிடைக்கின்றன, மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கலாம். 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுதலை உதவி எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.